அண்ணாந்து விழுங்க வேண்டாம்

செம்பையோ பாட்டிலையோ உதட்டில் படாமல் தூக்கிப் பிடித்து, அண்ணாந்து தண்ணீர் குடிக்கும் வழக்கம் நம்மில் பலருக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. பலர் புழங்கும் பாத்திரத்தில் எச்சில் படக் கூடாது என்பதற்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாத்திரை போடும்போதும் அதே வழக்கம் கூடவே வந்துவிடுகிறது. மாத்திரையை அடிநாக்கில் வீசி, தலையை முடிந்தவரை பின்னால் சாய்த்து, மேலிருந்து தண்ணீரை ஊற்றுகிறோம். தண்ணீர் இறங்கிவிடுகிறது, மாத்திரை நாக்கிலேயே நிற்கிறது. சில நேரம் புரையேறுகிறது. இரண்டு தடவை அப்படி ஆகிவிட்டால், அடுத்த தடவை மாத்திரையைக் கையில் எடுக்கும்போதே தொண்டை இறுகிக்கொள்கிறது.

“இத்துனூண்டு மாத்திரைக்கா இந்தப் பாடு?” என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். மாத்திரை விழுங்க முடியாதவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள், அதனால் கூசிப்போயும் இருப்பார்கள். விழுங்குவதற்குத் தைரியம்தான் தேவை என்று நினைப்பதால் வரும் கேள்வி அது. என் அனுபவத்தில் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது தலையை எங்கே வைப்பது, வாயை எப்போது நனைப்பது, எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று யாராவது பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதுதான். எந்த வயதிலும் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

இதை அற்ப விஷயம் என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு என்று தினமும் மாத்திரை போட வேண்டியவர்கள் ஏராளம். காசநோய்க்கான கூட்டு மாத்திரையை உடல் எடைக்கேற்ப ஒரே வேளையில் இரண்டோ அதற்கு மேலோ, குறைந்தது ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல் விழுங்கியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கின்றன. வாசல்வரை வந்த மாத்திரை தொண்டையைத் தாண்டவில்லையென்றால் பயனில்லை. விழுங்க முடியாதவர்கள் பெரும்பாலும் அதை வெளியே சொல்வதில்லை. பெரிய மாத்திரையை மட்டும் விட்டுவிடுவார்கள், அல்லது தலையணைக்கு அடியில் செருகிவைப்பார்கள். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை குறையவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டி எழுதுவார். மாத்திரை இன்னும் பெரிதாகும், அல்லது ஒன்று இரண்டாகும்.

தொண்டையில் நடப்பது

குரல்வளை மேட்டில் விரலை லேசாக வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அந்த மேடு மேலே ஏறி இறங்குவது தெரியும். இப்போது மேற்கூரையைப் பார்ப்பதுபோல் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துக்கொண்டு மறுபடி விழுங்குங்கள். குரல்வளை ஏறச் சிரமப்படுவதும், கழுத்தின் முன்பக்கம் இழுத்துப் பிடிப்பதும் உடனே தெரியும்.

குரல்வளை ஏறுவது சாதாரண விஷயமில்லை. உணவை நாக்கு பின்னுக்குத் தள்ளும்வரை எல்லாம் நம் விருப்பப்படி நடக்கிறது. அதற்குப் பிறகு மூளைத்தண்டு பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. ஏறக்குறைய ஒரு நொடிக்குள் மெல்லண்ணம் எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலேறி முன்னால் நகர்கிறது, குரல்நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, குரல்வளைமூடி மடங்கி மூச்சுப்பாதையை மறைக்கிறது, உணவுக்குழாயின் மேல்வாயில் இருக்கும் தசைவளையம் தளர்ந்து வழிவிடுகிறது. அங்கிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய், உள்ளே வந்ததைப் பிசைந்து பிசைந்து இரைப்பைக்கு அனுப்புகிறது. தலையை அண்ணாத்தினால் இந்த ஏற்பாட்டில் குரல்வளை ஏறுவதே தடைபடுகிறது. தண்ணீர் நாம் அழைக்கும் முன்பே தொண்டைக்குள் வழிந்துவிடுகிறது, மூச்சுப்பாதையும் முழுதாக மூடியிருக்காது. புரையேறுவது இப்படித்தான்.

வழி போதாது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. நாம் சாதாரணமாக விழுங்கும் ஒரு வாய்ச் சோறு பெரும்பாலான மாத்திரைகளைவிடப் பெரியது. உணவுக்குழாய் சும்மா இருக்கும்போது தட்டையாகக் கிடக்கும், ஏதாவது வந்தால் விரிந்துகொடுக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஜெனரிக் மாத்திரைகளின் எந்தப் பக்கமும் 22 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று 2015இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. அளவைப் பற்றிய நோயாளிகளின் புகார் வெறும் மனப்பிரமை இல்லை என்பதற்கு அது அத்தாட்சி. பெரிய மாத்திரை உண்மையிலேயே கஷ்டம். ஆனால் சின்ன மாத்திரையும் இறங்காமல் போவதற்கு வழியின் அகலம் காரணமாக இருப்பது அபூர்வம்.

காரணம் பெரும்பாலும் வாயில் இருக்கிறது. நன்றாக மென்று விழுங்கு என்றுதான் குழந்தையிலிருந்தே நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். சோற்றில் ஒரு சின்னக் கல், மீனில் ஒரு முள் கிடந்தால் நாக்கு அதைக் கண்டுபிடித்து ஓரமாகத் தள்ளி வெளியே கொண்டுவந்துவிடும். உயிரைக் காக்கும் திறமை அது. கடினமான ஒரு பொருளை மெல்லாமல் அப்படியே உள்ளே விடு என்று மாத்திரையின்போது அந்த நாக்கிடம் கேட்கிறோம். அது மறுப்பது இயல்பு. நாக்கின் கவனத்தை மாத்திரையிலிருந்து தண்ணீருக்குத் திருப்புவதுதான் இனி வரும் முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

முறை

நிமிர்ந்து உட்காருங்கள். படுத்துக்கொண்டோ, நடந்துகொண்டோ, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வாசலில் நின்றோ வேண்டாம். தண்ணீரை முதலில் எடுத்துவையுங்கள், அதன் பிறகு மாத்திரையை அட்டையிலிருந்து பிரியுங்கள். மாத்திரையை வாயில் போட்டுவிட்டு டம்ளரைத் தேடும் அந்த நான்கைந்து நொடியில்தான் அது கரைந்து கசந்து, நாக்கில் ஒட்டிக்கொள்கிறது.

ஒரு மிடறு தண்ணீர் குடித்து வாயையும் தொண்டையையும் நனையுங்கள். உலர்ந்த வாயில் எந்த மாத்திரையும் வழுக்காது. இப்போது மாத்திரையை நாக்கின் நடுவில் வையுங்கள். அடிநாக்கில் வைத்தால் சீக்கிரம் போய்விடும் என்று நினைப்பது தவறு. ஓங்கரிப்பைத் தூண்டும் இடமே அதுதான். காலையில் நாக்கு வழிக்கும்போதே ஓங்கரிக்கிறவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். டம்ளரை உதட்டில் வைத்து, ஒரு நல்ல வாய்த் தண்ணீர் எடுத்து, பார்வை நேராகவோ சற்றுத் தாழ்ந்தோ இருக்க, தண்ணீரை விழுங்குங்கள். மாத்திரையை விழுங்குவதாக நினைக்க வேண்டாம். ‘மடக்’கென்று தண்ணீர் இறங்கும்போது மாத்திரை அதோடு போய்விடும். பிறகு மீதித் தண்ணீரையும் குடித்துவிடுங்கள். அரை டம்ளராவது உள்ளே போக வேண்டும். இதய நோய்க்காகவோ சிறுநீரக நோய்க்காகவோ தண்ணீர் அளவு குறைக்கப்பட்டவர்கள் இதையும் அன்றைய கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டமான, தட்டையான மாத்திரைகளும் கேப்ஸ்யூலும் தண்ணீரில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மாத்திரை கனமானது, தண்ணீரில் அமிழும். கேப்ஸ்யூல் லேசானது, மிதக்கும். அதனால் அண்ணாந்து கேப்ஸ்யூல் விழுங்க முயன்றால், வாயில் இருக்கும் தண்ணீரில் அது மிதந்து பற்களின் பக்கம் வந்துவிடும். தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தினால் அது மிதந்து தொண்டைப் பக்கம் போகும். விழுங்க வேண்டிய நொடி அது. முதல் தடவை தலைகீழாக ஏதோ செய்வதுபோல் தோன்றும், செய்து பார்த்தால் வியப்பாக இருக்கும்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் குனியும் முறையையும் அடுத்துச் சொல்லப்போகும் பாட்டில் முறையையும் 151 பேரிடம் மருந்தில்லாத மாத்திரைகளைக் கொண்டு சோதித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். கேப்ஸ்யூலைக் குனிந்து விழுங்கியபோது ஏறத்தாழ 89 சதவீதம் தடவை முன்பைவிட எளிதாக இருந்தது. மாத்திரைக்குப் பாட்டில் முறையில் ஏறத்தாழ 60 சதவீதம்.

பாட்டில் முறை இது. அழுத்தினால் நசுங்கும் சாதாரண பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நிறைய நிரப்பிக்கொள்ளுங்கள். மாத்திரையை நாக்கில் வைத்து, பாட்டில் வாயை உதடுகளால் காற்றுப் புகாமல் இறுக மூடுங்கள். பாட்டிலுக்குள் காற்றை விடாமல் தண்ணீரை உறிஞ்சி இழுத்து, உடனே விழுங்குங்கள். நீங்கள் உறிஞ்சும்போது பாட்டில் உள்வாங்கி நசுங்க வேண்டும், சரியாகச் செய்கிறீர்கள் என்பதற்கு அதுவே அடையாளம். உறிஞ்சும் வேலையில் வாய் ஈடுபட்டிருப்பதால் மாத்திரையைத் தடுத்து நிறுத்த அதற்கு நேரம் இருப்பதில்லை. எச்சில் படாமல் குடித்துப் பழகியவர்கள் இதற்கென்று தனியாக ஒரு பாட்டிலை வைத்துக்கொள்ளலாம். பக்கவாதத்துக்குப் பிறகோ வேறு நோயாலோ தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறவர்கள் இந்த இரண்டு முறைகளையும் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது. அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பயம் முதலில் வந்துவிட்டால்

முறை தெரிந்தும் சிலருக்கு இறங்காது. மாத்திரை அட்டையைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும், வாய் காய்ந்துவிடும், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பதுபோல் இருக்கும். பயம் வந்தால் எச்சில் குறைகிறது, தொண்டைத் தசைகள் இறுகுகின்றன. ஆக, பயப்படுகிறவருக்கு விழுங்குவது உண்மையிலேயே கஷ்டமாகிறது. “எல்லாம் உன் நினைப்புதான்” என்று சொல்வதில் உண்மையும் இல்லை, உதவியும் இல்லை.

காய்ச்சலோடு, நேரமாகிவிட்டது என்ற நெருக்கடியில், வீடே சுற்றி நின்று பார்க்கும்போது யாராலும் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. மருந்து வேளை இல்லாத ஓர் அமைதியான நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். பழக மாத்திரை வேண்டாம், சமையலறையில் இருப்பதே போதும்.

முதலில் தண்ணீர் மட்டும். டம்ளரை உதட்டில் வைத்து, தாடையைச் சற்றே தாழ்த்தி, ஒரு வாய் எடுத்து ஒரே மிடறாக விழுங்குங்கள். அது சுலபமாகும்வரை வேறொன்றுக்கும் போக வேண்டாம். அடுத்து, நன்றாக வெந்த ஒரே ஒரு சோற்றுப் பருக்கை. நாக்கின் நடுவில் வைத்து, மெல்லாமல், தண்ணீரோடு அனுப்புங்கள். சிரிப்பு வரலாம். ஆனால் நாக்கு இங்கே ஒரு பெரிய பாடத்தைக் கற்றுக்கொள்கிறது: மெல்லாமல் ஒன்றை உள்ளே விட்டாலும் ஆபத்தில்லை. அதன் பிறகு வேகவைத்த ஜவ்வரிசி ஒன்று. கூழாக வழுக்கும் அந்த முத்து, பூச்சு போட்ட மாத்திரையின் வழவழப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். அதற்கும் அடுத்தபடி, வண்ணச் சர்க்கரை பூசிய சீரக மிட்டாய் ஒன்று. கடைசியாக, பெரிய மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்டவர்கள் ஜெம்ஸ் மிட்டாய் அளவுவரை போகலாம். சர்க்கரை நோயாளிகள் ஜவ்வரிசியோடு நிறுத்திக்கொண்டு, பிறகு தங்கள் மாத்திரைகளில் மிகச் சிறியதிலிருந்து அதற்குரிய வேளையில் தொடங்கலாம்.

ஒரு படி சலிப்புத் தட்டும் அளவுக்குச் சுலபமான பிறகுதான் அடுத்தது. ஒரு நாள் இறங்க மறுத்தால் ஒரு படி கீழே வந்து, சுலபமானதை ஒருமுறை விழுங்கிவிட்டு அன்றைக்கு நிறுத்துங்கள். தோல்வியோடு எழுந்துபோனால் தொண்டை அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஒரே நாளில் எல்லாப் படியும் ஏறியவர்களைவிட, நாளுக்கொரு சின்ன வெற்றியோடு எழுந்தவர்களிடம் பழக்கம் நிலைத்திருப்பதைப் பார்க்கிறேன்.

மூச்சையும் பழக்க வேண்டும். தோளைத் தளர்த்தி, மூக்கால் இழுத்து, வாயால் மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டு, மூச்சை விட்ட பிறகு தண்ணீரை எடுங்கள். மாத்திரை வாயில் இருக்கும்போது பதறி ‘ஹா’வென்று மூச்சை உள்ளிழுப்பதுதான் ஆபத்து. மூச்சோடு சேர்ந்து அதுவும் தவறான வழிக்குப் போகலாம். பதற்றமாக இருந்தால் மாத்திரையைத் துப்பிவிடுங்கள். துப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கசப்பினால் மட்டும் தடுமாறுகிறவர்கள் குளிர்ந்த தண்ணீரில் விழுங்கலாம். நாக்கு குளிர்ந்தால் சுவை மங்கும். விழுங்கும் நொடிக்கு மட்டும் தாமே மூக்கைப் பிடித்துக்கொள்வதும் சிலருக்கு உதவுகிறது.

கூட இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. “போட்டாச்சா? வாயத் தொறங்க, பாப்போம்” என்று எதிரில் நின்றால் எந்த மாமியாருக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதைவிட, “அத்தே, முதல்ல ஒரு வாய்த் தண்ணி குடிங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, நானும் இங்கதான் காப்பி குடிச்சிட்டிருக்கேன்” என்று பக்கத்தில் உட்கார்ந்து வேறு பேச்சுப் பேசுவது நல்ல மருந்து. பார்வை தன்மேல் இல்லை என்று தெரிந்தாலே தொண்டை பாதி தளர்ந்துவிடும்.

எப்போதோ சாப்பாடு தொண்டையில் அடைத்து உயிருக்குப் போராடியவர்கள், அப்படி ஒருவர் இறந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் வேறு வகை. அவர்களுக்கு மாத்திரையோடு சோறு, சப்பாத்தி என்று திட உணவு எல்லாவற்றின் மீதும் பயம் பரவலாம். கஞ்சியும் பாலுமாகவே நாட்கள் நகர்ந்து எடை குறையும். இந்த நிலையில் சீரக மிட்டாய்ப் பழக்கம் போதாது. மனநல மருத்துவரோ உளவியலாளரோ பார்க்க வேண்டும். குணமாக்கக்கூடிய பயம் அது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

குழந்தைகளுக்கு

பருக்கையில் தொடங்கும் அதே படிப்படியான பழக்கம், சொன்னதைக் கேட்டுச் செய்யக்கூடிய ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நன்றாகப் பொருந்தும். அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்குக் கடினமான மிட்டாயே மூச்சடைக்கும் ஆபத்து. பெரியவர் யாரும் இல்லாமல் பழகவும் கூடாது. மருந்தை ‘மிட்டாய்’ என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு அலமாரியில் இருக்கும் மிட்டாயைத் தானே எடுத்துத் தின்னும்.

கையைக் காலைப் பிடித்து, மூக்கை அடைத்து, வாயில் ஊற்றும் வழக்கத்தை இந்தத் தலைமுறையோடு நிறுத்த வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அழுகிற குழந்தை ஒவ்வொரு விம்மலுக்கும் மூச்சை ஆழமாக உள்ளிழுக்கிறது. ஊற்றியது நுரையீரலுக்குப் போகலாம். மாத்திரையைக் கண்டாலே நடுங்கும் பெரியவர்கள் சிலரின் பயம் தொடங்கிய இடமும் அதுவே.

பல மருந்துகளைக் குழந்தை விழுங்கவே வேண்டியதில்லை. தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையை மென்று தின்ன வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு வயதுவரை அதில் பாதியைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு தரும் துத்தநாக மாத்திரை ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரையும். குழந்தைகளுக்கான காசநோய் மருந்தும் கரையும் மாத்திரையாகவே வருகிறது.

வாழைப்பழம், தயிர், காப்பி

தண்ணீரில் இறங்காதது வாழைப்பழத்தோடு இறங்குகிறது என்று நம் வீடுகளில் கண்டுபிடித்தது சரியான கண்டுபிடிப்பு. பழத்தை முதலில் மென்று, விழுங்கும் பதத்துக்கு வந்ததும் மாத்திரையை அதன் நடுவில் சேர்த்து விழுங்குங்கள். குழைந்த தயிர்ச்சோறு, கெட்டிக் கஞ்சி, ஆறிய ரவைக் கூழ் எல்லாம் இதே வேலையைச் செய்யும். தண்ணீர் வேகமாக ஓடிவிடும். இவை மாத்திரையை அணைத்துக்கொண்டு மெதுவாக இறங்கும்.

ஆனால் எல்லா மருந்துக்கும் இது ஆகாது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில்தான். இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடும் டீ, காப்பியோடும் போட்டால் உடலில் சேர்வது குறைந்துவிடும். கர்ப்பிணிகள் இரும்பு, கால்சியம் இரண்டையும் சேர்த்துப் போடாமல் வெவ்வேறு வேளையில் போட வேண்டியதும் இதனால்தான். சிப்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகளைப் பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையைக் காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல், வேறு எதையும் சாப்பிடாமல் இருக்க வேண்டும்.

சில மாத்திரைகள் உணவுக்குழாயில் தங்கினால் அங்கேயே கரைந்து புண்ணாக்கும். அலென்ட்ரோனேட் அவற்றில் ஒன்று. டாக்சிசைக்ளின், பொட்டாசியம் குளோரைடு, இரும்புச்சத்து, ஆஸ்பிரின், பல வலி மாத்திரைகள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. “எனக்குத் தண்ணியே வேணாம், எச்சில்லயே முழுங்கிடுவேன்” என்று பெருமையாகச் சொல்கிறவர்களும், படுக்கையில் சாய்ந்தபடி ஒரு சொட்டுத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு உடனே தூங்குகிறவர்களும் இதற்காகவாவது மாற வேண்டும். போட்ட பிறகு கால் மணி நேரமாவது நிமிர்ந்து இருங்கள்.

உடைக்கும் முன், பொடிக்கும் முன்

விழுங்க முடியாதபோது கை அம்மிக்கும் கரண்டிக்கும் போகிறது. கேட்காமல் பொடிக்காதீர்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர். போன்ற எழுத்துகள் இருந்தால், அது பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்படி செய்யப்பட்டது. பொடித்தால் நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கும். பிரஷர் மாத்திரையில் அப்படி நடந்தால் தலைசுற்றி விழ நேரலாம். பான்டோப்ரசோல் போன்ற வயிற்றுப்புண் மாத்திரைகளின் மேல்பூச்சு, இரைப்பை அமிலத்திலிருந்து மருந்தைக் காப்பதற்காகப் போட்டது. உடைத்தால் மருந்து வீணாகிவிடும். மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய் மாத்திரைகள் போன்றவற்றைப் பொடித்தால், பொடிக்கிறவரின் மூச்சிலும் தோலிலும் பட்டு அவருக்கே கேடு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்னும் மோசம்.

நடுவில் கோடு போட்ட மாத்திரைகளைப் பொதுவாக அந்தக் கோட்டோடு இரண்டாக்கலாம். அப்போதும் மருந்துக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கச் சொன்ன மாத்திரையை விழுங்கக் கூடாது, அங்கேயே கரைய விட வேண்டும்.

முதியவர்கள்

வயதானால் எச்சில் குறைகிறது. சளிக்கும் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மருந்துகள் வாயை மேலும் காயவைக்கின்றன. அவர்களுக்கு மாத்திரைக்கு முன் இரண்டு மூன்று மிடறு தண்ணீர் அவசியம். ஐந்தாறு மாத்திரைகளை உள்ளங்கையில் அள்ளி ஒரே வாயில் போடும் வழக்கத்தை விட்டு, ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள்.

அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து டப்பாவில் போட்டுவைக்கும் வீடுகள் உண்டு. கண் மங்கிய பெரியவர்கள் அந்தத் துண்டை உறையோடு விழுங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. கத்தரித்த விளிம்பு உணவுக்குழாயைக் கிழித்துவிடலாம். பிரித்துக் கையில் கொடுங்கள்.

பக்கவாதம், பார்க்கின்சன், மறதிநோய் உள்ளவர்களுக்கு விழுங்கும் செயலே பழுதாகியிருக்கலாம். அவர்களுக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான கஞ்சி பாதுகாப்பாக இருப்பதும் உண்டு. எந்தப் பதம், எந்த நிலை என்பதைப் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் பரிசோதித்துத்தான் சொல்ல வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ கேட்டால் வழிகாட்டுவார்கள்.

எப்போது மருத்துவரிடம்

மாத்திரை மட்டும் இறங்கவில்லை, சாப்பாடு தாராளமாக இறங்குகிறது என்றால் பெரும்பாலும் இந்த அத்தியாயமே போதும். சோறும் சிக்குகிறது, முதலில் திட உணவுக்கு இருந்த கஷ்டம் இப்போது கஞ்சிக்கும் வந்துவிட்டது, விழுங்கும்போது வலிக்கிறது, குடித்தவுடன் இருமலும் குரலில் ஈரக் கரகரப்பும் வருகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டு வீட்டிலேயே பழகிக்கொண்டிருக்கக் கூடாது.

மாத்திரை போன பிறகும் தொண்டையில் நிற்பதுபோல் இருந்தால், தண்ணீரும் ஒரு வாய் வாழைப்பழமும் சாப்பிட்டுப் பாருங்கள். மாத்திரை உரசிப்போன இடத்தின் எரிச்சல் சிறிது நேரம் அப்படித்தான் இருக்கும். மணிக்கணக்கில் நெஞ்சில் வலித்தாலோ, எச்சிலையே விழுங்க முடியாவிட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். புரையேறி இருமுகிறவரை இருமவிடுங்கள், முதுகில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டாம். இரும முடியவில்லை, பேச்சு வரவில்லை, மூச்சு வரவில்லை என்றால் மட்டும் அவரை முன்னால் சாய்த்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்துங்கள். கர்ப்பிணியாக இருந்தால் வயிற்றில் அழுத்தாமல் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்த வேண்டும். முதுகில் தட்டுவதையும் அழுத்துவதையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும்.

அடுத்த முறை மருத்துவர் சீட்டு எழுதும்போது, எழுதி முடிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: “டாக்டர், பெரிய மாத்திரை எனக்கு இறங்காது. இதே மருந்து சிரப்பாகவோ, தண்ணீரில் கரைகிற மாதிரியோ, சின்ன மாத்திரை இரண்டாகவோ கிடைக்குமா? ஏற்கனவே போடுவதில் எதையாவது குறைக்க முடியுமா?” இதுவரை விட்டுவிட்ட மாத்திரைகள் இருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் அளவைக் கூட்டாமல் இருக்க அது தெரிய வேண்டும். மருந்துக்கடையிலும் இதையே சொல்லலாம். ஒரே மருந்து, ஒரே அளவு, கம்பெனிக்குக் கம்பெனி உருவம் மாறும். ஒன்று வட்டமாகத் தடித்திருக்கும், இன்னொன்று நீளமாக வழவழவென்று இருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்த்து, உங்கள் தொண்டைக்கு ஏற்றது எது என்று கேட்டு வாங்கி, அந்தக் கம்பெனியின் பெயரைச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.